சந்தேகக் காளான்

எலிகளைப் பார்த்துக்கொள்வதுதான் என் பிழைப்பு. உபோன் ஊருக்குத் தெற்கே இருக்கும் ஆராய்ச்சிக்கூடத்தில் பதினோரு வருடமாகக் கூண்டு கழுவுகிறேன், மரத்தூள் மாற்றுகிறேன், எடை பார்க்கிறேன். தெருவில் "எலியம்மா பியப்" என்று கேலி பேசுவார்கள். பேசட்டும். பேசுகிறவர்கள் வீட்டுச் சமையலறையைவிட என் கூண்டுகள் சுத்தமாக இருக்கும்.

போன மழைக்காலத்தில் ஆச்சான் நிச்சா என்னைச் சோதனை வேலைக்கும் இழுத்துக்கொண்டார். படித்துப் பாடம் சொல்கிறவர்களை நாங்கள் ஆச்சான் என்போம். நிச்சாவுக்கு முப்பத்தெட்டு வயதுதான் ஆகிறது, ஆனால் கோபம் வந்தால் கூடமே அடங்கிவிடும். சோதனை இதுதான். ஒரு பெட்டிக்குள் ஒரே மாதிரி இரண்டு மரக்கட்டைகளை வைத்து எலியை விடுவோம். அது இரண்டையும் மோந்து பார்க்கும். மறுநாள் ஒரு கட்டையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு கண்ணாடிக் குப்பியை வைப்போம். நல்ல எலி கட்டையைச் சீந்தாது, நேரே குப்பியிடம் போகும். கட்டையைத்தான் நேற்றே பார்த்தாயிற்றே. எதன் பக்கத்தில் எத்தனை விநாடி நிற்கிறது என்று நான் கடிகாரம் பிடித்துக் குறித்துக்கொள்வேன்.

மூன்று மாதம் தினமும் கஞ்சாச் சத்து கொடுத்த எலிகள் அப்படிச் செய்யவில்லை. கட்டையிடமும் போயின, குப்பியிடமும் போயின. இரண்டிடமும் ஒரே அளவு நேரம் நின்றன. நேற்றுப் பார்த்ததும் அவற்றுக்குப் புதிதுதான்.

அதன் பிறகு அந்த எலிகளின் மூளையைச் சீவி, சாயம் ஏற்றி, திரையில் பெரிதாக்கிக் காட்டினார் ஆச்சான். நினைவு தங்கும் பகுதி அது. நல்ல எலியின் நரம்புக் கிளை முழுக்க ரம்புட்டான் பழத்தின் மேல்முடி மாதிரி பொடிப் பொடி முளைகள். ஒரு செல் இன்னொரு செல்லோடு கை கோத்துக்கொள்வது அந்த முளைகள் வழியாகத்தானாம். கஞ்சா எலியின் கிளையில் முளைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தன. இருந்தவையும் மெலிந்து கிடந்தன.

"மனுஷனுக்கும் இப்படித்தானா ஆச்சான்?" என்று கேட்டேன்.

"எலிக்கு நடந்தா மனுஷனுக்கும் அப்படியே நடக்கும்னு எழுதிக் குடுக்க முடியாதுக்கா. ஆனா ரொம்ப வருஷம் தினமும் இழுக்கறவங்களைப் பத்தி எனக்குப் பயம் இருக்கு. ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான்," என்றேன்.

என் வீட்டுக்காரன் சீதோன் பத்தொன்பது வயதில் ஆரம்பித்தவன். இப்போது நாற்பத்தேழு. முன்பெல்லாம் ஒளித்து வைத்து இழுத்தான். சட்டம் தளர்ந்தபோது வாசலிலேயே ஆறு செடி வைத்துக்கொண்டு, மூங்கில் குழலைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். கெட்டவன் இல்லை. கை நீட்ட மாட்டான், குடிக்க மாட்டான், சிரிக்க வைப்பான். சொன்ன கதையையே ஒரே நாளில் மூன்று தடவை சொல்வான். நானும் மூன்று தடவை சிரித்துத் தொலைத்தேன். அதற்காக இப்போது என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

மழைக்காலத்தில் அவன் காளான் பொறுக்கப் போவான். எங்கள் பக்கத்தில் முட்டைக் காளானுக்கு உயிரையே கொடுப்பார்கள். சில பேர் நிஜமாகவே கொடுத்தும் விடுகிறார்கள், ஏனென்றால் அதே நிறத்தில், அதே முட்டை வடிவத்தில் விஷக் காளான் ஒன்றும் முளைக்கிறது. அது வயிற்றுக்குள் போனால் ஆறு மணி நேரம், சில சமயம் அதற்கு மேலும், ஒன்றும் தெரியாது. தெரிய வரும்போது ஈரல் போயிருக்கும்.

இதற்குச் சீதோன் ஒரு முறை வைத்திருந்தான். நல்லது என்று உறுதியாகத் தெரிந்தது இடுப்புக் கூடைக்குள் போகும். கொஞ்சம் சந்தேகம் என்றாலும் இடுப்புத் துண்டில் முடிச்சாகப் போகும். வீட்டுக்கு வந்து முடிச்சை அவிழ்த்து ஒவ்வொன்றாக நெடுக்கே வெட்டித் தண்டைப் பார்ப்பான். தண்டு உள்ளே கெட்டியாக இருந்தால் கொல்லைக் குழியில் போட்டு மண் தள்ளுவான். முப்பது வருடத்தில் ஒரு தப்பு நடந்ததில்லை. சீதோன் பொறுக்கிய காளான் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார்கள்.

கூடத்தில் வருடத்துக்கு ஒரு நாள் செத்துப்போன எலிகளுக்காகப் புண்ணியம் செய்வோம். ஒன்பது பிக்குகளைக் கூப்பிட்டு, மந்திரம் ஓதச் சொல்லி, சாப்பாடு படைப்போம். ஆளுக்கொரு பண்டம் செய்து கொண்டு போக வேண்டும். நான் காளான் குழம்பு என்று பெயர் கொடுத்திருந்தேன்.

அன்று விடியற்காலையில் சீதோன் காட்டிலிருந்து வந்தான். நான் குளித்துவிட்டு வந்தபோது காளான் கழுவி, நறுக்கி, ஒரு பேசின் நிறைய அடுப்பருகே இருந்தது. அவன் வீட்டுக்குக் கீழே தூண் மேல் சாய்ந்து குழலை இழுத்துக்கொண்டிருந்தான்.

"பிரிச்சாச்சா?"

"பிரிக்காம நறுக்குவேனா? நீ எலிக்கு அம்மான்னா நான் காளானுக்கு அப்பன்."

சிரித்துக்கொண்டே குழம்பு வைத்தேன். பிக்குகளுக்குப் படைப்பதை முன்னால் ருசி பார்க்கக் கூடாது. அதனால் உப்பைக்கூடக் கைக்கணக்கில் போட்டேன். பாதியை அடுக்குக் கேரியரில் ஊற்றிக்கொண்டு, மீதியைச் சட்டியில் அவனுக்கு விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

மணி பத்தே கால் இருக்கும். கூடத்து மண்டபத்தில் பிக்குகள் வரிசையாக உட்கார்ந்து ஓதிக்கொண்டிருந்தார்கள். பின்பக்கம் நானும் கூண்டு கழுவும் புய்யும் பண்டங்களைச் சின்னக் கிண்ணங்களில் பிரித்துத் தட்டுகளில் அடுக்கினோம். ஒன்பது தட்டிலும் என் குழம்பு ஏறியிருந்தது. அப்போது சீதோன் போன் செய்தான்.

"பியப், ஒண்ணு கேக்கறேன், கோவப்படாத. காலையில அந்தச் சந்தேகக் காளானை நான் குழியில போட்டேனா?"

"என்கிட்ட கேக்கறே? நீதானே பிரிச்சே?"

"பிரிச்ச மாதிரிதான் இருக்கு. ஆனா இப்போ குழிப்பக்கம் போனேன். அதுல மழைத்தண்ணி நிக்குது. மண்ணு தள்ளின அடையாளமே இல்ல."

"துண்டு எங்க?"

"கொடியில காயுது. யாரு துவைச்சதுன்னு தெரியல. நானாத்தான் இருக்கணும்."

"முடிச்சுல எத்தனை இருந்துச்சு?"

"அஞ்சு. இல்ல, அது நேத்து. ரெண்டோ மூணோ."

"சரி. சட்டியில இருக்கறதை நீ தொடாத. கேக்குதா?"

அவன் மெதுவாகச் சொன்னான். "சட்டி கழுவிக் கவுத்து வச்சிருக்கு, பியப்."

"சாப்ட்டியா?"

"சாப்ட்ட ஞாபகம் இருக்கு. காளான் குழம்பு, ஒட்டுச்சோறு, எல்லாம் ஞாபகம் இருக்கு. ஆனா நேத்தும் அதான் சாப்ட்டேன், முந்தாநாளும் அதான். இன்னைக்குச் சாப்ட்டேனான்னு..." குரல் உடைந்தது. "எனக்குத் தெரியல. எவ்வளவு யோசிச்சாலும் எல்லாம் ஒரே நாளா தெரியுது."

இருபத்து மூன்று வருடத்தில் அவன் பயந்து நான் கேட்டதில்லை. பாம்பு கடித்தபோதுகூடப் பாம்பைத்தான் கேலி செய்தான்.

நான் திரும்பிப் பார்த்தபோது தட்டுகளைத் தூக்கிக்கொண்டு புய் நடந்துகொண்டிருந்தாள். பிக்குகள் உச்சிப்பொழுதுக்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும். அவர்கள் கையில் ஏற்றுக்கொண்டதை மறுபடி நாம் தொடக் கூடாது. ஆராய்ச்சிக்கூடத்து இயக்குநர் முன்வரிசையில் கை கூப்பி உட்கார்ந்திருக்கிறார். நான் வாயைத் திறந்தால் புருஷன் கஞ்சா, குழம்பில் விஷம், எல்லாம் ஊரே அறிய நாறும். ஒரு நொடி, வெட்கத்தோடு சொல்கிறேன், ஒரு நொடி நான் யோசித்தேன். தட்டைத் தவறவிட்ட மாதிரி நடித்துக் கொட்டிவிடலாமா என்றுகூட நினைத்தேன். அதற்குள் முதல் தட்டு பெரிய பிக்குவின் முன்னால் இறங்கிவிட்டது.

மண்டியிட்டு நகர்ந்துபோய்ச் சத்தமாகவே சொன்னேன். "சாமி, அந்தக் குழம்பு வேண்டாம். நான் வச்சது. காளான் பிரிச்சதுல சந்தேகம் இருக்கு."

ஓதல் நின்றது. எல்லார் கண்ணும் என் முதுகில். பெரிய பிக்கு தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எந்தக் கிண்ணம்மா?"

"பச்சை நிறத்துல இருக்கற குழம்பு, சாமி."

"எலிக்குப் புண்ணியம் செய்ய வந்தோம். எங்களையே எலியாக்கப் பாத்தியே," என்று சொல்லிவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒன்பது கிண்ணமும் திரும்பி வந்தன.

ஆச்சான் நிச்சா என்ன ஏது என்று கேட்கவில்லை. கேரியரில் மிச்சமிருந்ததை வெள்ளைத் தட்டில் கொட்டினார். நான் துண்டு துண்டாகக் கிளறினேன். நல்ல காளானின் தண்டு குழாய் மாதிரி இருக்கும். இரண்டு துண்டுகள் குழாயாக இல்லை. உள்ளே கெட்டியாக, வெள்ளையாக இருந்தன.

"வெட்டிப் பாத்தா மட்டும் உறுதி கிடையாதுக்கா," என்றார் ஆச்சான். "ஆனா இதுக்கு மேல காத்திருக்க வேண்டாம். வண்டியில ஏறுங்க."

வீட்டுக்குப் போனபோது சீதோன் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். கண் சிவந்திருந்தது, புகையால் இல்லை. வண்டியில் ஆச்சான் அவனிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே ஓட்டினார்.

"அண்ணே, காலையில எங்க உக்காந்து சாப்ட்டீங்க?"

"பாயில."

"பாய் எந்தப் பக்கம் போட்டிருந்துச்சு?"

"தினமும் போடற பக்கம்தான்."

"சாப்பிடும்போது மழை பெஞ்சுதா?"

அவன் கண்ணை மூடிக்கொண்டான். நெற்றியில் வியர்த்தது. "பெஞ்சுது. இல்ல. பெஞ்சது வேற நாள். ஆச்சான், எல்லாத்துலயும் மழை பெய்யுது."

நான் அவனைப் பார்க்க முடியாமல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். கட்டையிடமும் குப்பியிடமும் ஒரே மாதிரி நின்ற எலிகள்தான் கண் முன்னால் வந்தன. நூற்றுக்கணக்கில் அவற்றுக்கு நேரம் குறித்திருக்கிறேன். ஒரு தடவையாவது அவற்றுக்குப் பயமாக இருக்குமோ என்று யோசித்ததில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, எத்தனை மணிக்குச் சாப்பிட்டார், எவ்வளவு சாப்பிட்டார் என்பது. "சாப்ட்டாரான்னே தெரியாது டாக்டர்," என்றேன். அவர் சீதோனைப் பார்த்தார். அவன் பள்ளிக்கூடத்தில் பதில் தெரியாத பையன் மாதிரி தலையைக் குனிந்துகொண்டான். கரிப்பொடி கரைத்துக் கொடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், ஊசி போட்டார்கள். நாளை மதியம்வரை பார்க்க வேண்டும் என்றார்கள்.

கட்டிலில் படுத்துக்கொண்டு என் கையைப் பிடித்தான். உதடெல்லாம் கரி. "ஒரு வருஷமாவே இப்படித்தான், பியப். வண்டிய எங்க விட்டேன்னு தேடுவேன். நீ பாத்தா, வேணும்னே நடக்கற மாதிரி சிரிப்பேன். அதை மறக்கத்தான் இன்னும் ரெண்டு இழுப்பு சேத்து இழுத்தேன்."

"பைத்தியம். என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"உன் எலியில ஒண்ணா என்னையும் சேத்துடுவியோன்னு பயம்."

அழுவதா திட்டுவதா தெரியவில்லை. இரண்டையும் செய்தேன். ஆச்சான் வெளியே என்னிடம் தனியாகச் சொன்னார்: "கஞ்சா மட்டும்தான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன். வேற ஏதாவது இருக்கான்னும் மூளை டாக்டர்கிட்டக் காட்டணும். முதல்ல இழுக்கறதை நிறுத்தட்டும். எவ்வளவு திரும்பி வரும்னு எனக்குத் தெரியலக்கா." தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறவர் அவர். அன்று மட்டும் பொய் சொல்லியிருந்தால் கும்பிட்டிருப்பேன்.

ஆறாவது மணி நேரம் வந்தபோது அவன் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏப்பம் விட்டால் உயிர் போனது. திரும்பிப் படுத்தால் உயிர் போனது. அவனும் தன் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என் தலைக்குத் தெரியாததை இது சொல்லட்டும்," என்றான்.

வயிறு எதையும் சொல்லவில்லை. மறுநாள் காலை ரத்தமும் நன்றாக இருந்தது, மதியம் எடுத்ததும் நன்றாக இருந்தது. ஈரலுக்கு ஒன்றுமில்லை, அதைச் சாப்பிடவே இல்லை போலிருக்கிறது என்று டாக்டர் சொன்னபோது சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். சீதோன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"நான்தான் அப்பவே சொன்னேனே, சாப்பிடலன்னு. நீதான் கேக்கல."

"நீ சொல்லல," என்றேன்.

"சொன்னேனே."

"தெரியலன்னு சொன்னே. போன்ல சொன்னே, வண்டியில சொன்னே, டாக்டர்கிட்டயும் தலையைத்தான் தொங்கப்போட்டே."

அவன் சிரிப்பு அப்படியே நின்றது. எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில்தான் அது உறைத்திருக்க வேண்டும். அவன்தான் முதலில் வாய்விட்டுக் கேட்டான். "அப்போ சட்டி எப்படிக் காலியாச்சு?"

ஒரு நாள் முழுக்க இவன் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். குழம்பு மிஞ்சினால் கிண்ணத்தில் ஊற்றிப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்காத வீடு எங்கள் தெருவில் உண்டா? இந்தப் புத்தி நேற்றே எனக்கு வந்திருக்க வேண்டாமா? முப்பது மணி நேரத்துக்கு மேல் போய்விட்டது.

டுக்டுக் ஆட்டோ பிடித்து ஓடினோம். தெருமுனையில் இறங்கும்போது அழுகைச் சத்தம் ஏதாவது கேட்கிறதா என்றுதான் காதைத் தீட்டிக்கொண்டேன். கேட்கவில்லை. அது எனக்குத் தைரியம் தரவில்லை.

சீதோன் வீடு வீடாக ஏறினான். ஒவ்வொரு வாசலிலும் கையைக் கூப்பிக்கொண்டு அதே கேள்வியைக் கேட்டான். "நேத்துக் காலையில நான் உங்க வீட்டுக்குக் காளான் குழம்பு கொண்டாந்தேனா?" தான் செய்ததைத் தெருவிடம் கேட்கும் நிலை. முதல் வீட்டில் இல்லை என்றார்கள். இரண்டாவது வீட்டில் இல்லை. மூன்றாவது வீட்டில் என்னைப் பார்த்துப் புன்னகை செய்துவிட்டு இல்லை என்றார்கள். அந்தப் புன்னகை எனக்குப் புரியவில்லை. ஆறு வீடு முடிந்தது. ஏழாவது, பப்பாளிச் சாலட் இடித்து விற்கும் தொங்பாய் அக்காவின் வீடு. கதவு சாத்தியிருந்தது.

சீதோன் கதவைத் தட்டினான். பதில் இல்லை. இரண்டு கையாலும் அடித்தான். "அக்கா, அக்கா" என்று அவன் கூப்பிட்ட குரலை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

உள்ளே தாழ்ப்பாள் அசைந்தது. தொங்பாய் அக்கா தூக்கக் கண்ணோடு வெளியே வந்தாள். "ஏன்டா கதவை உடைக்கறே? மத்தியானம் கொஞ்ச நேரம் படுக்க விடறியா?"

"நேத்து நான் குழம்பு..."

"ஆமா, கொண்டாந்தே. பெரிய கிண்ணம் நிறைய."

"சாப்ட்டீங்களாக்கா?" என்று நான் குறுக்கே கேட்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். எங்கள் ஊரில் கொடுத்தவன் முகம் வாடும்படி யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். கையில் வாங்கிக்கொண்டு நன்றி சொல்வார்கள். அவளும் வாயைத் திறந்து மூடினாள். அதற்குள் சீதோன் அவள் காலடியில் மண்டியிட்டுவிட்டான். "அதுல விஷம் இருந்துச்சுக்கா. சொல்லுங்க. சாப்ட்டீங்களா?"

"எழுந்திருடா," என்றாள். "சாப்பிடல. கொட்டிட்டேன்."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவள் என் பக்கம் திரும்பி, இனி மறைக்க என்ன இருக்கிறது என்கிற மாதிரி பேசினாள். "போன வருஷத்துல இருந்தே இந்தத் தெருவுல இவன் காளானை யாரும் சாப்பிடறதில்ல, பியப். ஒரே நாள்ல ரெண்டு தடவ கொண்டாந்து குடுப்பான். துண்டுல இருந்து எடுத்தியா கூடையில இருந்து எடுத்தியான்னு கேட்டா முழிப்பான். வாங்கிக்குவோம், சிரிப்போம், அவன் போனதும் கொட்டிடுவோம். உனக்குத் தெரியும்னு நினைச்சோம்."

எனக்குத் தெரியாது. தெருவுக்கே தெரிந்தது எனக்குத் தெரியாது.

சீதோன் இன்னும் மண்டியிட்டபடிதான் இருந்தான். முப்பது வருடமாக அவன் பேரைச் சொல்லி வாங்கிய தெரு அது. "ஏன்க்கா யாரும் என்கிட்ட சொல்லல?" என்றான். "ஒருத்தர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

தொங்பாய் அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. குனிந்து அவன் தோளைத் தொட்டாள்.

"நான் சொன்னேனேடா. போன வருஷம் ஒரு தடவ சொன்னேன், போன மாசம் ஒரு தடவ சொன்னேன். ரெண்டு தடவையும் இதே இடத்துல உக்காந்து அழுதே. இனிமே காட்டுக்குப் போக மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டுப் போனே."

சீதோன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அவள் சொன்னது நிஜமா என்று என்னிடம் கேட்டான்.